சௌராஸ்தா பாசார், பினாங்கு: ஒரே காலையில் மீன், ஜெருக், சாதிக்காய் வாங்க வழி சொல்லுங்கள்

கிந்தாக்கரை எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஈப்போவிலிருந்து காரில் பினாங்கு வருகிறோம். அப்பா, முட்டி வலி உள்ள அம்மா, சென்னையிலிருந்து வந்திருக்கும் அத்தை, நான். மறுநாள் வீட்டில் 20 பேருக்குச் சாப்பாடு. மீனை சௌராஸ்தாவிலேயே வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். அத்தைக்குப் பழைய சந்தையைப் பார்க்க வேண்டும், ஊருக்குக் கொண்டுபோக ஜெருக்கும் (உப்பிலும் பாகிலும் ஊறவைத்த பழம்) சாதிக்காயும் வேண்டும்.

எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? காரை எங்கே விடுவது? மீனை ஈப்போ வரை கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? அத்தைக்கு மீன் பெயரெல்லாம் சென்னை வழக்கில்தான் தெரியும், எங்களுக்கு மலாயில்தான் தெரியும். அதற்கும் யாராவது உதவினால் நல்லது. பக்கத்திலிருக்கும் கெம்பல் ஸ்திரீட் பாசாரும் பார்க்க வேண்டியதா?

லெபு தமிழ் முனை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. முதலில் நேரம். ஏழரைக்குள் சந்தையில் இருங்கள். எட்டரை வரை நல்ல மீன் கிடைக்கும். பத்துக்கு மேல் கூட்டம் நிறையும், மீன் குறையும். நண்பகல் நெருங்கும்போது மீன் கடைக்காரர்கள் மேசை கழுவத் தொடங்கிவிடுவார்கள். ஜெருக் கடைகளும் மேல்மாடிப் பழைய புத்தகக் கடைகளும் அதற்குப் பிறகும் திறந்திருக்கும். அதனால் அவற்றுக்கு அவசரப்படாதீர்கள். ஈப்போவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் வழியில் ஒரு முறை நிறுத்தினாலும் நேரத்துக்கு வந்துவிடலாம்.

கார்: அம்மாவையும் அத்தையையும் ஜாலான் பினாங்கு சாலைப் பக்க முன்வாசலில் இறக்கிவிட்டு, காரை கோம்தார் அல்லது பிராங்கின் மால் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் விடுங்கள். அங்கிருந்து சந்தைக்கு ஐந்தாறு நிமிட நடைதான். சாலையோரத்தில் நிறுத்துவதானால் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வேண்டும். ஈப்போவிலேயே இறக்கி, பணம் போட்டு வைத்துவிடுங்கள். சாலையில் நின்றுகொண்டு பதிவு செய்ய முயன்றால் நல்ல மீன் நேரம் அதிலேயே போய்விடும். பின்பக்கத்து ஜாலான் கோலா கங்சாருக்குள் காலையில் காரை விடவே விடாதீர்கள். தெரு முழுக்கக் காய்கறி, பூ, பழக் கடைகள். உள்ளே போன கார் திரும்ப முடியாது.

உள்ளமைப்பு: ஜாலான் பினாங்கு பக்க முகப்பில் ஜெருக், சாதிக்காய், பலகாரக் கடைகள். உள்ளே தரைத்தளத்தில் ஈரச் சந்தை. மேலே பழைய புத்தகங்கள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் முகப்போடு திரும்பிவிடுகிறார்கள். சந்தை என்றால் உள்ளே இருப்பதும் பின்தெருவில் இருப்பதும்தான். அத்தைக்கு அதைத்தான் காட்ட வேண்டும்.

இந்தச் சந்தை 1890இல் தொடங்கியது. இன்றுள்ள கட்டடம் 1961ஐச் சேர்ந்தது, பிறகு மாநகர் மன்றம் அதைப் புதுப்பித்தது. ஆகவே செதுக்கிய தூண்களையும் பழைய ஓட்டுக் கூரையையும் தேடி வந்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே பழமை என்பது தொழிலில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்ட இடம். கட்டடத்தை ஒட்டிய தெருவுக்கே லெபு தமிழ் என்றுதான் பெயர். கடைக்காரர்களில் பலருக்குத் தமிழ் தெரியும், அத்தை தயங்காமல் தமிழிலேயே விலை கேட்கலாம். கோலாலம்பூர் செண்ட்ரல் மார்க்கெட்டும் 1888இல் ஈரச் சந்தையாகத் தொடங்கியதுதான். இன்று அங்கே பாத்தேக் துணியும் கைவினைப் பொருளும் விற்கிறார்கள், ஒரு மீன்கூடக் கிடையாது. சௌராஸ்தா இன்னமும் ஊருக்குச் சோறு போடும் சந்தையாக இருப்பதுதான் அதன் பெருமை.

பழைய கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத்தான் கெம்பல் ஸ்திரீட் பாசார். 1900இல் கட்டியது, முகப்பு நன்றாக இருக்கும். சௌராஸ்தாவிலிருந்து லெபு கெம்பல் வழியே பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடும். கடைகள் குறைவு. கால் மணி நேரம் போதும், சாமான் வாங்கும் திட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். அம்மாவுக்கு முட்டி வலி என்றால் அவரை நடக்கவிடாமல், காரில் திரும்பும்போது வெளியே நிறுத்திக் காட்டிவிடுங்கள்.

காலணி முக்கியம். மீன் பகுதியில் தரை எப்போதும் ஈரம். அடி தேய்ந்த சிலிப்பர் போட்டுக்கொண்டு அம்மா வரக்கூடாது. பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு நல்லது. கழிப்பறைக்குச் சில்லறையும் டிஷ்யூவும் கையில் இருக்கட்டும்.

செவுள் சிவப்பு எழுதியது:

மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

அத்தைக்குப் பெயர்கள்: தெங்கிரி என்பது வஞ்சிரம். பாவால் பூத்தே வெள்ளை வாவல், பாவால் ஹீத்தாம் கறுப்பு வாவல். கெம்போங் என்பது கானாங்கெளுத்தி. செனாங்கின் காலா, சியாக்காப் கொடுவா, கெராப்பு களவா, தொங்கோல் சூரை. பாரி திருக்கை, யூ சுறா, சோத்தோங் கணவாய். சுறாப்புட்டுக்கு வேண்டுமென்றால் சிறிய யூ கேளுங்கள். பெரிய சுறாவில் சிறுநீர் வாடை அதிகம், வேகவைத்தாலும் முழுக்கப் போகாது.

20 பேருக்குக் குழம்பு என்றால் தெங்கிரி முழு மீனாக 4 கிலோ. தலை, குடல், வால் போக ஏறத்தாழ 3 கிலோ நிற்கும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போட்டால் ஆளுக்கு இரண்டு துண்டு தாராளமாக வரும். ஒரே 4 கிலோ மீனைவிட 2 கிலோ மீன் இரண்டாக வாங்குவது நல்லது. துண்டுகள் சீராக இருக்கும், குழம்பில் ஒன்றாக வேகும். தலையை விட்டுவிட்டு வராதீர்கள், குழம்புக்குச் சாறு கொடுப்பதே அதுதான். எடை போடுவது முழு மீனுக்கு, சுத்தம் செய்த பிறகு அல்ல. அதை மறந்து 3 கிலோ கேட்டால் துண்டு பற்றாது.

பார்க்கும் முறை: எல்லோரும் கண்ணைப் பார்க்கச் சொல்வார்கள். ஐஸ் நேராகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் மங்கிவிடும், ஆகவே கண்ணை மட்டும் நம்பக்கூடாது. செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக, நூல் நூலாகப் பிரிந்து இருக்க வேண்டும். பழுப்பேறி, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மேசையையே விட்டு நகருங்கள். அடுத்து வயிறு. விரலால் அழுத்தினால் குழி உடனே எழ வேண்டும். கெம்போங்கில் வயிறுதான் முதலில் போகும், பின்துளைப் பக்கம் வெடித்திருந்தால் வேண்டாம். நடுவில் பிடித்துத் தூக்கினால் தலையும் வாலும் தொங்காமல் விறைப்பாக நிற்கும் மீன் அன்றைய மீன்.

தெங்கிரியை ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டாக வாங்க வேண்டாம். முழு மீனைக் காட்டச் சொல்லி, கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். துண்டாகத்தான் இருக்கிறது என்றால் நடுமுள்ளைச் சுற்றியுள்ள ரத்தம் சிவப்பா பழுப்பா என்று பாருங்கள். சதை அடுக்கடுக்காகப் பிரிந்து இடைவெளி விட்டிருந்தால் பழையது, அல்லது உறைய வைத்து இளக்கியது.

இறாலில் தலை ஆடக்கூடாது. தலை கறுத்திருந்தால் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது, அதற்கேற்ற விலை கேளுங்கள். அமோனியா வாடை அடித்தால் எந்த விலைக்கும் வேண்டாம். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதை எடுங்கள். லேசான நண்டில் தண்ணீர்தான் இருக்கும்.

இப்போது ஈப்போ பயணம். கெம்போங், தொங்கோல், தெங்கிரி மூன்றும் ஒரே இனத்துச் சொந்தங்கள். சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும். ஒவ்வாமை என்று நினைத்துவிடுவார்கள். ஒரு முறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், புளியில் போட்டாலும் போகாது. சில நேரம் வாடையும் வராது, ருசியிலும் தெரியாது. அதனால்தான் ஐஸ் விஷயத்தில் கறாராக இருக்கச் சொல்கிறேன். விருந்துக்கு வந்த 20 பேர் வயிறு இது.

மீன் 4 கிலோ என்றால் ஐஸும் 4 கிலோ, வழியில் நிற்பதானால் 5. இருபத்தைந்து முப்பது லிட்டர் ஐஸ் பெட்டி போதும். ஈப்போவிலிருந்தே பெட்டிக்குள் ஒரு பை ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். சூடான பெட்டியில் ஐஸ் கொட்டினால் முதல் கிலோ பெட்டியைக் குளிர வைக்கவே கரைந்துவிடும். அடியில் நான்கு விரல் கனம் ஐஸ். மீனைக் கிலோ கிலோவாகத் தனித்தனிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாகக் கட்டி அடுக்குங்கள். நடுவில் ஐஸ், மேலே இன்னும் கனமாக ஐஸ். ஒரே பையில் 4 கிலோவையும் உருண்டையாகக் கட்டினால் வெளியே உள்ளது குளிரும், நடுவில் உள்ளது ஈப்போ வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். பையில் கட்டியிருந்தால் கரைந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதுவும் குளிர்ச்சிதான். சோத்தோங்கை மட்டும் எப்படியும் தண்ணீர் படாமல் வையுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் வெளுத்து ருசி போய்விடும்.

பெட்டியைப் பின்பெட்டியில் வைக்காமல், ஏர்கான் படும்படி பின்இருக்கையின் காலடியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி அடுப்புக்குச் சமம்.

கிந்தாக்கரை எழுதியது:

மிக்க நன்றி அண்ணே, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒரு குழப்பம். நல்ல மீன் எட்டரைக்குள் என்கிறீர்கள், ஆனால் அதற்குப் பிறகு அத்தைக்கு ஜெருக், புத்தகக் கடை, பசியாறல் எல்லாம் இருக்கிறது. மீனை முதலில் வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சுற்றுவது? கடைசியில் வாங்கினால் நல்லது இருக்காதே?

ஆயர் ஹீத்தாம் அடுப்படி எழுதியது:

மீனைக் கடைசியில் வாங்குவதே சரி என்பேன். ஒன்பது மணிக்குப் போனாலும் சௌராஸ்தாவில் தெங்கிரி இருக்கும். சீக்கிரம் தீர்வது கெம்போங்கும் நல்ல பாவாலும்தான். முதலில் வாங்கி இரண்டு மணி நேரம் கையில் வைத்திருப்பதைவிட, சற்றுத் தாமதமாக வாங்கி நேரே பெட்டியில் போடுவது மேல்.

செவுள் சிவப்பு எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடில்லை. 20 பேர் சாப்பாட்டை மிச்சம் இருப்பதை நம்பி வைக்கக்கூடாது. சனிக்கிழமை உணவுக்கடைக்காரர்களும் வாங்க வருவார்கள், பெரிய தெங்கிரியை முதலில் தூக்குவது அவர்கள்தான்.

முதலில் பொறுக்குங்கள், கடைசியில் எடுங்கள். ஏழரைக்கு நேரே மீன் பகுதிக்குப் போய்த் தெரிவு செய்து, கண்ணெதிரே எடை போட்டுப் பணம் கட்டிவிட்டு, 'சியாங், போத்தோங் காரி' என்று சொல்லுங்கள். குடல் எடுத்து, செதிள் சுரண்டி, குழம்புத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். நடுமுள்ளை ஒட்டிய கறுப்பு ரத்தத்தையும் சுரண்டச் சொல்லுங்கள், வாடை அதில்தான். பெயர் எழுதிய பையைக் கடைக்காரரின் ஐஸிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்கமாட்டார்கள். பத்தேகாலுக்கு அப்பா காரைக் கொண்டுவரும் நேரத்தில் வாங்கி நேரே பெட்டிக்குள்.

இதில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். எடை போடும்போது பக்கத்தில் நிற்காமல் போய்விடுவது ஒன்று. பசியாறிவிட்டுப் பேச்சில் பன்னிரண்டு ஆகிவிடுவது இன்னொன்று. அதற்குள் அவர் ஐஸைக் கொட்டிவிட்டு மேசை கழுவிக்கொண்டிருப்பார், உங்கள் பை ஒரு மூலையில் கிடக்கும்.

ஆயர் ஹீத்தாம் அடுப்படி எழுதியது:

கடையில் ஐஸில் விட்டுவைப்பதாக இருந்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மற்ற சாமான்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

விலை கேட்கும்போது கிலோவுக்கா கட்டிக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம், 16 தாயில். வயதான சீனக் கடைக்காரர்கள் இன்னமும் கட்டிக் கணக்கில் விலை சொல்வதுண்டு. கட்டி 12 வெள்ளி (ரிங்கிட்) என்றால் கிலோ 20 வெள்ளி. அதைக் கிலோ விலை என்று நினைத்துப் பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஐந்து, பத்து வெள்ளித் தாள்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கியூஆர் பல கடைகளில் உண்டு, ஆனால் கீரை விற்கும் பாட்டியிடம் 100 வெள்ளித் தாளை நீட்டினால் அவர் மிச்சக் காசுக்கு எங்கே போவார்? பையும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், ஈரத்துக்கு ஒன்று, உலர்ந்த சாமானுக்கு ஒன்று.

சௌராஸ்தாவுக்கு வந்துவிட்டு போப்பியா தோலை (உள்ளே காய்கறி வைத்துச் சுருட்டும் மெல்லிய மாவுத் தோல்) விட்டுப் போகாதீர்கள். மாவைக் கையில் உருட்டிச் சூடான கல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்து எடுப்பதை நின்று பார்க்கவே அத்தைக்குப் பிடிக்கும். எடைக்கு விற்பார்கள். அன்றே சாப்பிட வேண்டிய பொருள் அது. காற்றுப் பட்டால் ஓரம் அப்பளமாகிவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். பிழிந்த ஈரத் துணியில் சுற்றிப் பெட்டியில் மூடி வையுங்கள். மீன் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

பெலாச்சான் (புளிக்க வைத்த இறால் கட்டி) வாங்கினால் கட்டியை உடைத்து முகரக் கேளுங்கள். இறால் வாடை தூக்கலாக இருக்க வேண்டும், அழுகல் வாடை இருக்கக்கூடாது. மேலே உப்பு பூத்திருந்தால் பரவாயில்லை, பச்சையாகப் பூஞ்சணம் இருந்தால் வேண்டாம். ரத்தச் சிவப்பாக மின்னினால் நிறம் சேர்த்தது. ஹே கோ என்பது வேறு, கறுப்பாக, பாகு போல இருக்கும் இறால் விழுது, ரோஜாக்குக்கும் லக்சாவுக்கும் போடுவது. அத்தை பெலாச்சான் என்று நினைத்து அதை வாங்கிச் சம்பல் அரைத்துவிடப் போகிறார், இனிப்பாகிவிடும்.

நெத்திலிக் கருவாட்டைக் கையில் அள்ளிப் பாருங்கள். சலசலவென்று சத்தம் வர வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் சரியாகக் காயவில்லை, அந்த ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். மஞ்சளித்திருந்தால் எண்ணெய் சிக்கு ஏறியது. வீட்டுக்குப் போனதும் உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

தேங்காய்ப் பாலை இங்கே பிழிந்து வாங்கி ஈப்போ கொண்டுபோகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். ஞாயிறு காலை ஈப்போ பாசாரிலேயே வாங்குங்கள்.

பசியாற லெபு தமிழ் பக்கம் ரொட்டி சானாய், தே தாரிக் கிடைக்கும். செண்டோலுக்கு (ஐஸ் போட்ட தேங்காய்ப் பால் இனிப்பு) ஜாலான் பினாங்கைத் தாண்டி லெபு கெங் க்வீ சந்து இருக்கிறது, ஆனால் அது நின்றுகொண்டு சாப்பிடும் இடம். அம்மாவுக்கு ஒத்துவராது. ஒருவர் போய்ப் பொட்டலமாக வாங்கி வந்துவிடுங்கள், ஐஸ் கரைவதற்குள்.

பாலிக் பூலாவ் சாலை எழுதியது:

சாதிக்காய்க்கும் ஜெருக்குக்கும் நான் பதில் சொல்கிறேன்.

பினாங்குக்குச் சாதிக்காய் வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து வைத்தது. 1860 வாக்கில் நோய் வந்து பெரிய தோட்டங்கள் அழிந்தன. இன்று தீவின் பின்பக்கம், பாலிக் பூலாவ் வட்டாரத்தில் மலைச்சரிவுத் தோட்டங்களில் மரங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை எறிந்துவிடுவார்கள். பினாங்கில் அந்தப் பழச் சதைதான் ஜெருக் பாலா. சென்னையில் அத்தை பார்த்திருக்க வாய்ப்பு குறைவு, ஆகவே இதை முதலில் வாங்குங்கள்.

பச்சைச் சதை துவர்த்து நாக்கைச் சுண்டும். தோல் சீவி, கீறி, உப்பில் ஊறவைத்துத் துவர்ப்பை இறக்குவார்கள். பிறகு உப்பை அலசிச் சர்க்கரைப் பாகில் சில நாள். அப்படியே பாகோடு விற்றால் ஈர ஜெருக், வெயிலில் உலர்த்தினால் உலர் ஜெருக். துருவியது, பூவாகக் கீறியது, காரம் சேர்த்தது என்று வகைகள் உண்டு. கடைக்காரர் ருசி பார்க்கக் கொடுப்பார். அவர் கொடுக்கும் குச்சியாலோ இடுக்கியாலோ எடுங்கள், கையை விடாதீர்கள். கை ஈரம் பட்டால் அந்த ஜாடி முழுவதும் புளித்துவிடும், அவருக்கு நட்டம்.

நல்லதா என்று பார்க்க: பாகு தெளிவாக, அல்லது பழுப்பாக இருந்தாலும் ஒரே சீராக இருக்க வேண்டும். நுரை கட்டியிருந்தாலோ, கட்டிய பை உப்பியிருந்தாலோ, நாக்கில் சுரீரென்று பொங்கினாலோ நொதித்துவிட்டது. மாங்காய் ஜெருக் பளபளவென்று கிளிப்பச்சையில் இருந்தால் நிறம் சேர்த்தது. மாங்காய், அம்பரலங்காய், அரிநெல்லி மூன்றும் உப்பில் கிடந்தால் மங்கித்தான் போகும். மங்கலானதே வாங்குங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள வீட்டில் இது ஊறுகாயும் மிட்டாயும் ஒன்றாகச் சேர்ந்தது என்பதை நினைவில் வைத்து, வகைக்கு 200 கிராம் மட்டும் வாங்குங்கள்.

கொட்டைக்கு வருவோம். ஓட்டோடு வாங்குங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே கொட்டை கடகடக்க வேண்டும், அப்போதுதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தமில்லாதது ஈரம், வீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஓட்டின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு என்பது உண்மை, ஆனாலும் ஓடு இருக்கும்வரை வாசனை போகாது, பூச்சியும் எளிதில் நுழையாது. ஓடு நீக்கியதை வாங்கினால் சிறு துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஊசியால் குத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தூளாக அரைத்தது வேண்டவே வேண்டாம்.

சாதிப்பத்திரி ஆரஞ்சும் பழுப்புமாக, உடையாமல், சற்று வளையும்படி இருந்தால் நல்லது. கறுத்தது பழையது.

ஒரு எச்சரிக்கை. சாதிக்காய் மருந்து, தூக்கத்துக்கு நல்லது என்று யாராவது தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிடச் சொன்னால் கேட்காதீர்கள். சமையலுக்கு ஒரு சிட்டிகை போதும். ஐந்து கிராம் அளவுக்குப் போனாலே வாந்தி, படபடப்பு, மயக்கம் வரை கொண்டுபோகும். குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிறைப் பாலம் எழுதியது:

எந்தச் சனிக்கிழமை என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் இதைப் பாருங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். இரண்டு மாநிலக் கூட்டமும் தீவில் சேரும் நாள் சனிக்கிழமைதான். காலை ஏழு மணிக்கு முன் பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிட்டால் நெரிசல் தெரியாது. ஒன்பதுக்கு வந்தால் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் ஊர்ந்துதான் வர வேண்டும். ஞாயிறு விருந்து என்பதால் உங்களுக்கு வேறு வழியில்லை, நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கெம்போங், செலார் போன்றவற்றைப் பெரும்பாலும் விளக்கு வைத்துக் கூட்டிச் சுருக்குவலையில் பிடிக்கிறார்கள். நிலவு வெளிச்சத்தில் மீன் விளக்குக்குக் கூடாது, வரத்து குறையும், விலை ஏறும். தெங்கிரிக்கு அவ்வளவு பாதிப்பில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பு. அங்கிருந்து வர வேண்டிய மீன் வராததால் நம் பக்கத்திலும் விலை ஏறும். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஹரி ராயாவை ஒட்டிய நாள்களிலும் கடை பாதிக்கு மேல் மூடியிருக்கும், அந்த வாரங்களில் வராதீர்கள். புரட்டாசியில் வருவதானால் நம்மவர்கள் மீன் பக்கம் குறைவு. அதே காலத்தை ஒட்டிச் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் வரும், அவர்களும் சைவம். மீன் கடையில் நிதானமாகப் பொறுக்கலாம், காய்கறிதான் விலை ஏறியிருக்கும்.

பெர்ரியில் வரும் யோசனை இருந்தால்: இப்போதுள்ள பெர்ரிகளில் கார் ஏற்றுவதில்லை. நடந்து ஏறுபவர்களுக்கும் சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும்தான். பெரியவர்களுக்கு 2 வெள்ளி, ரொக்கம் வாங்கமாட்டார்கள். அத்தைக்குக் கடலில் ஒரு சுற்று வேண்டுமென்றால் வேறொரு நாள் வாருங்கள். மீன் பெட்டியோடு வேண்டாம்.

கிந்தாக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பௌர்ணமி பார்த்து நாளை மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று: அத்தை ஈர ஜெருக்தான் வேண்டும் என்கிறார். சென்னை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

பாலிக் பூலாவ் சாலை எழுதியது:

கைப்பையில் முடியாது. பாகு திரவக் கணக்கில் சேரும், 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும்.

கடையில் கட்டிக் கொடுக்கும் பையோடு அப்படியே வைக்காதீர்கள். ரப்பர் வளையம் நழுவினால் புடவை எல்லாம் பாகு. அகன்ற வாயுள்ள, திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி இரண்டு ஈப்போவிலிருந்து கொண்டுவந்து, கடையிலேயே அதில் நிரப்பச் சொல்லுங்கள். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். வாயின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் மூடியைத் திருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, பிறகு இரண்டு பைகளில் தனித்தனியாக முடிச்சுப் போடுங்கள். ஜாடியைப் பெட்டியின் நடுவில், துணிகளுக்கிடையே நிமிர்த்தி வையுங்கள். அனுப்பும் நாள் வரை குளிர்பெட்டியில் இருக்கட்டும். குளிர்ந்த பாகு கெட்டியாக இருக்கும், கசிவு குறையும். பெலாச்சானும் வாங்கியிருந்தால் அதை இன்னொரு டப்பாவில் வைத்து மூடுங்கள், ஜெருக்கோடு ஒரே பையில் போட வேண்டாம்.

செவுள் சிவப்பு எழுதியது:

மீன் வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. ஞாயிறு காலைதான் சமையல் என்பதால் இரவு முழுக்க அந்த ஐஸ் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். துண்டுகளைக் கழுவாமல் தட்டையான டப்பாவில் ஒரே அடுக்காகப் பரப்பி, குளிர்பெட்டியின் அடித்தட்டில், பின்சுவர் பக்கம் வையுங்கள். கதவுப் பக்கம் சூடு ஏறி இறங்கும். உப்பும் மஞ்சளும் சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்புதான். இரவே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுச் சதை இறுகிவிடும். குழம்பு கொதித்துப் புளி வாடை அடங்கிய பிறகு துண்டுகளைப் போட்டு, எட்டு நிமிடம், கரண்டி விடாமல் சட்டியைச் சுழற்றி இறக்குங்கள்.